ஏலகிரியில் பிரித்த ஸ்வெட்டர்

என் கணவருக்காக நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை அவரே பிரித்துப் போட்டிருந்ததை நான் பார்த்தது ஏலகிரியில், ஒரு சனிக்கிழமை முற்பகலில். அதற்குப் பிறகு வந்த அதிர்ச்சிகளோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நாங்கள் இருப்பது பட்டாபிராமில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃபிளாட்டில். எனக்கு அம்பத்தூரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சொந்த ஊர் பாரிவாக்கம். அங்கே அவர்களுக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. இப்போது அதில் பாதிக்கு மேல் மனைகளாகி, வேறு யார் யாருடைய வீடுகளோ நிற்கின்றன. என் அப்பா அம்மா ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் வேலைக்காக அம்பத்தூருக்கு வந்தார்கள். அப்பா சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில்தான் இவர் இளைஞராக வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு இவரைப் பிடித்துப்போய், ஜாதகம், சொந்தம் எதையும் பார்க்காமல் தானே பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா இப்போது இல்லை. அம்மா ஈரோட்டில் என் தம்பியோடு இருக்கிறாள்.

எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் நான் பின்னல் பழகினேன். ரயிலில் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எரிகிறது என்பதுதான் முதல் காரணம். முதலில் கொக்கி ஊசியில் குரோஷே. டீப்பாய்க்கு ஒரு விரிப்பு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு உறை. அப்புறம் ஆசை வளர்ந்து இரட்டை ஊசியில் ஸ்வெட்டர். ஒவ்வொரு வரிசையையும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லேடீஸ் பெட்டியில் எல்லோருக்கும் சிரிப்பு.

"ஏங்க்கா, ஆவடி வெயில்ல யாருக்கு ஸ்வெட்டரு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. மலைக்குப் போறோம்."

நீல நிறம். பாரிமுனையில் தேடிப் பார்த்து வாங்கிய நூல். இரண்டு மாதமாகப் பின்னி முதுகுப் பக்கம் முடிந்து, முன்பக்கம் நெஞ்சு வரை வந்திருந்தது. அவர் ஒரு நாள்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை. நான் ஊசியை எடுத்தால் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். வீட்டு வேலையை விட்டுவிட்டு நான் இதில் உட்காருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தது. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள். ரயிலில் ஜோலார்பேட்டை போய், பஸ்ஸில் மேலே ஏறினோம். ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் பக்கவாட்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்னால் ஓடு போட்ட சின்ன வராந்தா, இரண்டு பிரம்பு நாற்காலி. வீட்டுக்காரம்மா கேழ்வரகு அடையும் தக்காளிச் சட்னியும் கொடுத்தார். வெள்ளி சாயங்காலம் படகில் போனோம். அவர் துடுப்பை வாங்கிக் கொஞ்ச நேரம் வலித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை தூறல். வீட்டுக்காரம்மா தேன் விற்கிற வீடு ஒன்றைக் காட்டுகிறேன் என்றார். பின்னலை நாற்காலியில் வைத்துவிட்டு அந்த அம்மாவோடு கிளம்பினேன். தெருமுனையில் யாரையோ பார்த்து அந்த அம்மா அரை மணி நேரம் பேசி நின்றதில் மழை வலுத்துவிட்டது. குடை எடுத்துவரத் திரும்பி ஓடினேன்.

வராந்தாவில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். மடி முழுக்க நீல நூல், சுருள் சுருளாக. நான் பின்னியிருந்த முன்பக்கத்தைக் காணோம். இரண்டு மாதம் ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் பின்னியது நூலாகக் கிடந்தது. கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன்.

கைகள் பின்னிக்கொண்டிருந்தன.

தடுமாறித் தடுமாறி இல்லை. வலது ஊசி உள்ளே போகிறது, ஆள்காட்டி விரல் நூலைத் தள்ளிவிடுகிறது, கண்ணி இந்த ஊசியிலிருந்து அந்த ஊசிக்குத் தாவுகிறது. கண்ணி என்று நாங்கள் சொல்வது ஊசியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு நூல் வளையத்தையும். அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன.

"ஏக்... துயி... தீன்... சார்..."

இந்தியில் டிக்கெட் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிவிடுகிற மனிதர் அவர். வேறு யாரோ ஒருவர் என் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"இரு இரு, இந்த வரிசைய முட்ச்சிடறேன். நடுவுல உட்டா கண்ணி உய்ந்துடும்." முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். முகத்தில் திருட்டுத்தனம். "கோச்சிக்காத. ரெண்டு வரிசை பிரிச்சி சரி பண்ணலாம்னுதான் எடுத்தேன். பாத்தா எல்லாக் கண்ணியும் முறுக்கிக்கினு கீது. நூல நீ சுத்துற பக்கம் தப்பு. அதான் துணி ஒரு பக்கமா இயுத்துகினு போவுது. ரெண்டு மாசமா பாத்துகினேதான் கீறேன், மன்சு கேக்கல."

"உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"இன்னா கேள்வி இது? ஆஸ்பத்திரில கத்துகினதுதான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் நின்று பார்த்தேன். ஊசியை மெதுவாக நாற்காலியில் வைத்தார்.

"டிபி ஆஸ்பத்திரி."

"யாருக்கு டிபி?"

"எனக்குத்தான். கல்யாணத்துக்கு முன்ன." அவர் குரல் தணிந்துவிட்டது. "உங்கப்பா உன்கிட்ட சொல்லலியா?"

தெருமுனையில் வீட்டுக்காரம்மா எனக்காக நனைந்துகொண்டு நின்றதே மறந்துவிட்டது. அவர் பாவம், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

அன்று மழை விட வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குச் சில வருஷங்களுக்கு முன், நைட் ஷிஃப்டில் ஒரு நாள் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம். மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு தேறியதும் இவராகவே நிறுத்திவிட்டார். திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு காச நோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். தினமும் ஊசி. பாரிவாக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வீட்டில், 'பையன் பாம்பேல வேலைக்குப் போயிருக்கான்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் பார்க்கவும் அதிகம் யாரும் வரமாட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கூர்க்கா. இரவில் தெருத்தெருவாக விசில் ஊதிக்கொண்டு காவல் பார்த்தவர். அவருக்குத் தமிழ் நான்கைந்து வார்த்தை; இவருக்கு அவர் பாஷை ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் எந்நேரமும் ஏதாவது பின்னிக்கொண்டே இருப்பாராம். அவர்கள் ஊர்க் குளிரில் ஆம்பளைகளும் பின்னுவார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் இவர் கையில் இரண்டு ஊசியைக் கொடுத்தார்.

"பேச பாஷை கிடையாது, பாத்துக்க. கைய புடிச்சி காட்டுவாரு. தப்பாப் போட்டா விரல்ல ஒரு தட்டு. எண்ணி எண்ணித்தான் காட்டுவாரு, அதான் எனக்கும் அந்த நம்பர்ல எண்ணினாத்தான் கை ஓடுது. அவர் பேரே எனக்குத் தெரியாது. என்னைப் பாத்து, தன் நெஞ்சுல கை வெச்சி 'தாய், தாய்'னு சொன்னாரு. பேருபோலன்னு நானும் தாய், தாய்னே கூப்புட்டுகினு இருந்தேன். வார்டே சிரிக்கும், மீசை வெச்ச ஆம்பளைய தாயின்றானேன்னு. அவுங்க பாஷைல அண்ணன்னு அர்த்தமாம். கடைசிலதான் ஒரு நர்ஸம்மா சொல்லிச்சி."

"கடைசிலன்னா?"

"ஒரு நாள் காலைல எய்ந்தேன். கட்டில் காலி. மெத்தைய சுருட்டி வெச்சிருந்தாங்க."

அந்தக் கூர்க்கா பின்னிய பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று, கைகள் மட்டும் பாக்கி. அதை இவர் கேட்டு வாங்கி முடித்தார். வீட்டுக்குத் திரும்பியபோது அதைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கொல்லைப்புறத்தில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். பின்னல் ஊசிகளையும் சேர்த்து. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான், ஏலகிரியில், முதல் முறையாக ஊசியைத் தொட்டிருக்கிறார். நான் பின்ன உட்கார்ந்தால் அவர் ஏன் பால்கனிக்குப் போனார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு. "எங்கப்பாகிட்ட எப்போ சொன்னீங்க?"

"உன்னக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு பாரு, அன்னிக்கே. கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடைல. மறைச்சி கட்டிக்க மாட்டேன் சார்னு சொன்னேன். ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்புறம் வந்து, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், பூரணமா குணமான கேசுதான், பயமில்லைன்னாரு. பொண்ணுகிட்ட நாங்களே சொல்லிக்கிறோம், நீ இதப் பத்தி அவகிட்ட பேச்செடுக்காத, சங்கடப்படுவான்னாரு. அவரு பேச்ச நான் மீறல."

மடியில் கிடந்த நூலை விரலில் சுற்றினார்.

"கல்யாணமான புதுசுல, எப்போ கேப்ப, எப்போ கேப்பன்னு இருப்பேன். ஒரு தபா இருமினாக்கூட உன் மூஞ்சியத்தான் பாப்பேன். நீ கண்டுக்கவே மாட்ட. என் எச்சி டம்ளர்ல தண்ணி குடிப்ப. எங்க அக்காகூட அப்பிடி குடிக்காது. இன்னா மன்சு இந்தப் பொண்ணுக்குன்னு... இத்தினி வருசமா அதத்தான் நெனச்சிகினு கீறேன்."

அந்த வாக்கியம் என் மேல் இறங்கியதைச் சொல்லத் தெரியவில்லை. கோபம் வருவதற்கான இடம் அது. உண்மையில் வந்தது பயம்போல ஒன்று. நான் செய்யாத ஒரு பெரிய காரியத்துக்காக ஒரு மனிதர் கால் நூற்றாண்டாக எனக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். தெரிந்திருந்தால் அந்த டம்ளரில் குடித்திருப்பேனா? கல்யாணத்துக்கே சரி என்றிருப்பேனா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. இருபத்து நாலு வயசுப் பெண்ணாக இருந்த என்னை இப்போது கூப்பிட்டுக் கேட்க முடியுமா?

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அறைக்குள் சிக்னல் இல்லை. தூறலில் கேட்டருகே போய் நின்றேன்.

"அவருக்கு டிபி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"மாப்பிள்ளை சொன்னாரா கண்ணு?"

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அப்பா எங்கிட்டத்தான் வந்து சொன்னாரு. பொம்பளப் புள்ளைகிட்ட நீ பக்குவமாச் சொல்லு, அவ சம்மதிச்சாத்தான் மேல பேசோணும்னாரு. நான்... சொல்லிட்டேன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"சொல்லவே இல்லையேம்மா நீ!"

"சொல்லலை. அவகிட்டச் சொல்லிட்டேன், அவ சரின்னுட்டான்னு உங்கப்பாகிட்டப் பொய் சொன்னேன். என்ன பண்றது கண்ணு? அதுக்கு முந்தி வந்த எடமெல்லாம் தட்டிப்போனது உனக்கே தெரியும். இந்தப் பையன் தங்கமாட்ட இருந்தான். டாக்டரும் ஒண்ணுமில்லேன்னுட்டாரு. நீ பயந்து வேண்டாமுன்னுட்டீன்னா?"

"வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

"இப்ப நீ நல்லாத்தானே இருக்கற சாமி..."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்து மாடியில் அப்பா என்னிடம் வந்து நின்றது ஞாபகம் வந்தது. "எல்லாம் தெரிஞ்சுதானேம்மா ஒத்துக்கிட்ட? அப்பா கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார். பாரிவாக்கம் அப்போது வெறும் வயல்காடு. பெரிய குடும்பம், மாமியாரோடு கொஞ்ச நாள் இருக்கவேண்டும், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் என் தலையில் கை வைத்துக் கண்கலங்கினார். அவரும் என்னைப் பற்றி அந்தப் பெரிய நினைப்போடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அன்றைக்கு இரவும் வீட்டுக்காரம்மா அடை கொண்டுவந்து வைத்தார். மகளுக்குச் சின்ன வயதில் இருமல் வந்தால் இவர் கட்டிலருகே விடியவிடிய உட்கார்ந்திருப்பார். சாதாரண சளிக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று டாக்டரிடம் சண்டை போடுவார். ரொம்பத்தான் செல்லம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அடையைப் பிட்டுக்கொண்டே அதை நினைத்தேன்.

ஞாயிறு மதியம் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினோம். நல்ல கூட்டம். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். அவர் ஜன்னலோரம், இடது தோள் ஜன்னல் பக்கம். நான் அவருக்கு வலது புறம். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. "நீங்க ஏன் நேரா என்கிட்ட ஒரு தடவையாவது பேசலை?" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். பதில் இல்லை. நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கியது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கேக்கறேன்ல? காது செவிடா?"

திரும்பினார். கோபப்படவில்லை. "அந்தப் பக்கம்தான் கேக்காதுன்னு தெரியும்ல? எடம் மாறி உக்காரலாமா?"

நான் அவரையே பார்த்தேன்.

"எந்தப் பக்கம்?"

"வலது காது. அந்த ஊசி போட்டதுல போச்சே. ஆஸ்பத்திரில..." என்றவர் நிறுத்திவிட்டார். அவர் முகத்திலும் திகைப்பு. "ஐயோ. இதுவும் உனக்குத் தெரியாதா?"

ஃபோனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். கட்டிலில் எப்போதும் வலது பக்கம்தான் படுப்பார். தெருவில் நடந்தால் சுற்றிவந்து என் வலது கைப்பக்கமே சேர்ந்துகொள்வார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வரமாட்டார். சண்டை என்று வந்தால் எங்கள் வீட்டில் முதலில் விழுகிற சொல் அதுதான், செவிடா, செவிடா என்று. எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"நான் அப்படிக் கத்தும்போதெல்லாம் நீங்க என்ன நினைச்சீங்க?"

"கோவத்துல சொல்றன்னு உட்ருவேன்."

"எனக்குத் தெரிஞ்சும் சொல்றேன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சே குத்திக் காட்டறேன்னு?"

அவர் பதில் சொல்லவில்லை. இந்த முறை அவருக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். எதிரில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து கதவருகே போய் நின்றேன். அரக்கோணம் வரை நின்றேன். ஒரு கட்டத்தில் அவர் வந்து என் இடது பக்கத்தில் நின்றார். அவருடைய கேட்காத காது என் பக்கமாக இருந்தது. எதுவும் பேசவேண்டாம் என்றுதான் அந்தப் பக்கம் நின்றாரோ என்னவோ.

அடுத்த வாரம் அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமல் பாரிவாக்கத்துக்குப் போனேன். அவருடைய அக்கா இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு இப்போ அந்தக் கதை? அவனுக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் இருக்காரு அண்ணி. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அவருக்கு டிபி இருந்தது. போன சனிக்கிழமைதான் தெரியும்."

அண்ணி வாயில் கை வைத்தார். "அடிப்பாவி! நீ தெரிஞ்சி கட்டிகினன்னுதான எங்கம்மா உன்ன சாமியாட்டம் பாத்துச்சி! உன்ன ஒரு வேலை செய்ய உட்டுச்சா? ஒரு வார்த்தை அதட்டிச்சா? எங்க எல்லாரையும் அந்தப் பேச்சு பேசும், உன்ன மட்டும் பேசாது. என் புள்ளைக்கு வாழ்வு குட்த்தவ, அவள எவளாச்சும் ஒண்ணு சொன்னீங்க, ஊட்டுக்குள்ள வராதீங்கன்னும்."

என் மாமியார் யாருக்கும் மசியாதவர். என்னிடம் மட்டும் ஏன் அப்படி இருந்தார் என்று அக்கம்பக்கமே ஆச்சரியப்படும். எனக்கு அமைந்த குணம், நான் நடந்துகொண்ட விதம் என்று மனதுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதையும் இறக்கி வைத்துவிட்டேன்.

"அந்த ஸ்வெட்டரை யார் அண்ணி கொளுத்தினது?"

"நான்தான். அம்மா கொளுத்த சொல்லிச்சி. ஊருக்குப் பயந்துகினு. அவன் ரெண்டு கையால புடிச்சிகினு உட மாட்டேன்னான். அவ்ளோ பெரிய ஆம்பள, அப்பிடி அயுதான். நாந்தான் புடுங்கிப் போட்டேன்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரு பின்னினது அது? பொம்பளயா?"

"இல்லை அண்ணி. ஒரு கூர்க்கா."

"கூர்க்காவா?" அண்ணி என்னை நம்பாமல் பார்த்தார். இத்தனை வருஷமாக வேறு ஏதோ ஒரு கதையை அவர் மனதில் வைத்திருந்தார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏலகிரியிலிருந்து வந்தபின் அதுதான் நான் முதன்முதலாகச் சிரித்தது. அண்ணியும் அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு காது டாக்டரிடம் போனோம். ஊசியால் போனது திரும்பாது என்றார். இருந்தாலும் கருவி மாட்டினால் ஓரளவு உதவும் என்றார். மாட்டிக்கொண்ட முதல் நாள் எங்கள் ஃபிரிட்ஜ் இப்படியா சத்தம் போடும் என்று அவருக்கு ஆச்சரியம். கம்பெனிக்கு மாட்டிக்கொண்டு போகிறார், வீட்டில் கழற்றிவிடுகிறார். நான் இடம் பார்த்து உட்காரப் பழகிவிட்டேன். சில சமயம் மறந்து அந்தப் பழைய சொல் நாக்கு நுனிவரை வந்துவிடும். அப்போது அதை விழுங்கிவிட்டு எழுந்து அவருடைய இடது பக்கம் போய்ச் சொல்வேன்.

நீல ஸ்வெட்டரை அவரே முடித்தார், பால்கனியில் உட்கார்ந்து. எதிர் பிளாக்கில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இன்னும் அந்தக் கூர்க்காவின் எண்களில்தான் எண்ணுகிறார். என் கை தப்பாகப் போனால் என் விரலில் ஒரு தட்டு தட்டுகிறார்.

அம்மாவிடம் நான் சில வாரம் பேசவில்லை. தம்பி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு தவித்தான். பொங்கலுக்கு அம்மா தானாகவே கிளம்பி வந்துவிட்டாள். கதவைத் திறந்தது அவர். அம்மா வாசலில் பையோடு நின்று, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்கத்தே" என்று பையை வாங்கிக்கொண்டார். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் புதிதாக வாங்கிய நூல் சிட்டத்தை எடுத்தார். வளையமாகக் கட்டி வருகிற நூல் அது. உருண்டையாகச் சுற்றாமல் பின்ன முடியாது. சுற்றுவதற்கு எதிரில் ஒருவர் இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக நான்தான் பிடிப்பேன். அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை.

"அத்தே, கொஞ்சம் கைய நீட்டுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, வளையல் கைகள் இரண்டையும் நீட்டினாள். அவர் நூலை மாட்டிவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். நூலின் போக்குக்கு அம்மாவின் கைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தன. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அவர் பார்த்தும் பார்க்காததுபோல சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எவ்வளவு இருக்குதுங்க மாப்பிள்ளை?"

"கொஞ்சந்தான் அத்தே. கை வலிக்குதா?"

"இல்லீங்க. நீங்க சுத்துங்க."

நான் அடுப்பைப் பற்றவைத்து மூன்று பேருக்கும் காப்பிக்குப் பால் வைத்தேன்.